இருக்கைக்கு அடியில் ஒரு குமிழ்

பழைய கார் வைத்திருக்கும் வீட்டாருக்குத்தான் தெரியும், அதன் பற்றறிக்குத் தண்ணீர் விடுவது எவ்வளவு பெரிய வேலை என்று. இந்தக் காலத்துக் கார்களில் முன்மூடியைத் தூக்கியதும் பற்றறி கண்ணெதிரே இருக்கும். எங்கள் ஒஸ்ரின் காரில் அது இடப்பக்க இருக்கைக்கு அடியில், தரைப் பலகைக்கும் கீழே, ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. முதலில் இருக்கையைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்ற வேண்டும். இருக்கையை வெளியே தூக்கி வைக்க வேண்டும். விரிப்பைச் சுருட்டி, பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிறகு முழங்காலில் நின்று தலையை உள்ளே விட்டால்தான் பற்றறியின் முகம் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் என் கணவர் பீற்றருக்கு மத்தியானம் வரை அதுதான் வேலை.

நீங்கள் என்னை அவசரப்படுத்தாமல் கேட்கிறீர்கள், மிஸ். பொலிசில் ஒரு பெண்பிள்ளை இருந்து எழுதுவது எனக்கு வசதியாக இருக்கிறது. அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் பெயர் றஞ்சினி. மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் எங்கள் வீடு. சண்டைக் காலத்தில் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் வருடக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் நாங்கள். வந்த பிறகு பீற்றர் மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்தினார். நானாட்டானில் ஓர் அரிசி ஆலையின் பின்கொட்டிலில் அந்தக் காரை அவர் கண்டபோது உள்ளே கோழிகள் அடைகிடந்தன. இழுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் ஆலைக்காரர். உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். தீவுக்கு வரும் பாலத்தைத் தாண்டும்போது பீற்றர் உள்ளே ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, தானே ஓட்டி வருவதுபோல இருபக்கமும் தலையாட்டிக்கொண்டு வந்தாராம்.

அதைத் திருத்தி முடிப்பதற்குள் சின்ன வகுப்பிலிருந்த எங்கள் மகன் றெனால்ட் ஓ.எல். சோதனை எழுதும் வயதுக்கு வந்துவிட்டான். அதன் பிறகு தீவில் நடந்த கலியாணங்களில் பாதி மணப்பெண்கள் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போனார்கள். கலியாணம் இல்லாத நாட்களில் நாங்கள் இருவரும் பேசாலை வரை போய் வருவோம். இடப்பக்க இருக்கையில் நான். "பற்றறிக்கு மேல இருக்கிறாய் றஞ்சி, கரண்ட் அடிக்கும், கவனம்," என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் சிரிப்பேன். அன்பான மனிதரோடு வாழ்ந்தவள் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப் போவதை மட்டும் கேட்டால் நீங்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடும்.

முதலில் அவருக்கு ஸ்பானர்களின் இலக்கங்கள் மறந்தன. பிறகு ஆட்களின் பெயர்கள். ஒருநாள் பேசாலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர் பொழுதுபட்டும் வரவில்லை. நானாட்டானில் ஒரு குளக்கட்டில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்திருக்கிறார். வயலுக்கு வந்தவர்கள் காரை அடையாளம் கண்டு, அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து இருத்தி வைத்துவிட்டு எனக்கு அறிவித்தார்கள். நான் ஓட்டோவில் போய்ச் சேர்ந்தேன்.

"ஏன் இஞ்ச வந்தனீங்கள்?"

"ஒரு பழைய கார் விலைக்கு நிக்குதாம். பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்," என்றார்.

அந்தக் காருக்குள் இருந்துகொண்டுதான் சொன்னார்.

மறதி நோய் என்றார் டொக்ரர். இனி இவர் வாகனம் ஓட்டக்கூடாது, இவருக்கும் ஆபத்து, தெருவில் போகிற சனத்துக்கும் ஆபத்து என்று எனக்குத் தெளிவாகச் சொன்னார். நானும் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டேன். பிரான்சிலிருந்து றெனால்ட் போன் எடுத்து, "காரை வித்துப்போடுங்கோ அம்மா," என்றான். அவனுக்குச் சொல்வது சுகம். விற்றால் அந்த வெறும் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறவர் யாரோடு இருக்கப் போகிறார்?

கார்த் திறப்பை அரிசி வாளிக்குள் ஒளித்தேன். மறுநாள் இரண்டு வயர்களை முறுக்கிக் காரைக் கிளப்பிவிட்டார். அப்போது அவருடைய தலை மறந்தாலும் கை மறக்கவில்லை. பற்றறியைத் துண்டிப்பதுதான் ஒரே வழி என்று தெரிந்தது. ஆனால் அவருக்குத் தெரியாமல் அந்த இருக்கையைக் கழற்றிப் பூட்ட என்னால் முடியுமா? அப்போதுதான் இன்சாபைக் கூப்பிட்டேன்.

இன்சாப் எருக்கலம்பிட்டிப் பிள்ளை. பிரதான வீதியில் சின்னதாக ஒரு கராச் வைத்திருந்தான். வாகன வயர் வேலையில் கெட்டிக்காரன். பீற்றருக்கு முன்னால் அவனிடம் இப்படிச் சொன்னேன்.

"அங்கிளுக்கு இப்ப முழங்கால் ஏலாது தம்பி. குனியாமல் பற்றறிக்குத் தண்ணி விடுற மாதிரி ஏதும் செய்து தாங்கோ."

"பழைய சாமான் அன்ரி. கை வைக்க அங்கிள் விடுவாரோ?"

"செய் தம்பி," என்றார் பீற்றர். "எனக்கும் ஏலாமல்தான் இருக்குது."

இன்சாப் நல்ல வேலை செய்தான். இருக்கையின் முன்பக்கத்தில் பிணைச்சல் வைத்தான். பின்னால் பிடித்துத் தூக்கினால் அது முன்னே சாய்ந்து நிற்கும். தரைப் பலகையை வெட்டி, ரங்குப் பெட்டிக்கு இருப்பதுபோல இரண்டு கொளுக்கியோடு ஒரு தகர மூடி போட்டான். மூடியைத் திறந்தால் பற்றறி. அதன் ஒரு முனையில் கையால் திருகும் பித்தளைக் குமிழ் ஒன்று. பீற்றர் அந்த மூடியைத் திறந்து திறந்து மூடினார். "இது ஏன் எனக்கு முந்தித் தோணேல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவு சந்தோஷம்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் இன்சாபிடம் உண்மையைச் சொன்னேன். அவனுடைய முகம் வாடிவிட்டது. ஆனாலும் விளங்கிக்கொண்டான்.

"இடப்பக்கம் திருகினாக் கரண்ட் விட்டிடும் அன்ரி. வலப்பக்கம் திருகினா வரும். அவ்வளவுதான். சின்னப்பிள்ளையும் செய்யலாம்."

அன்றிலிருந்து குமிழ் இடப்பக்கம்தான் இருந்தது.

ஒவ்வொரு காலையும் பீற்றர் காரில் ஏறுவார். ஏதாவது ஒரு திறப்பைப் போட்டுத் திருகுவார். சத்தம் வராது. இறங்கி முன்மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டே நிற்பார். என்ன காரணமோ, இருக்கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய தலையிலிருந்து அழிந்துவிட்டது. தானே கையால் கழுவித் துடைத்துப் பார்த்த பற்றறியை, இந்தக் காலத்துக் கார்களில் இருக்கிற இடத்தில் தேடிக்கொண்டிருந்தார். நான் குசினி யன்னலில் நின்று பார்ப்பேன். ஒருநாள் அழுதுகொண்டு வந்தார்.

"எனக்கு இது விளங்குதில்லை றஞ்சி. என்ர கை பழுதாப் போச்சு."

"நாளைக்குப் பாப்பம். தேத்தண்ணி குடியுங்கோ."

ஒரு வருடத்துக்கு மேல் நான் இதைச் சொன்னேன். மறுநாள் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. திரும்பவும் புதிதாகத் தொடங்கி, புதிதாக அழுவார். பொய் என்று நீங்கள் சொல்லலாம். டொக்ரர் அதைப் பராமரிப்பு என்றார். ஊரில் எல்லோருக்கும் தெரியும், றஞ்சினி பற்றறியைக் கழற்றித்தான் வைத்திருக்கிறாள் என்று. நல்ல வேலை என்றார்கள்.

கார் ஓடாததால் நடக்கத் தொடங்கினார். நான் கண்ணயர்ந்தால் போதும், வேலியால் போய்விடுவார். பெரும்பாலும் டிலோஜினிதான் கூட்டி வருவாள். சந்தியடியில் இருக்கிற பாலர் பாடசாலையில் படிப்பித்த பிள்ளை. எங்கேயாவது பனை வடலிக்குள் கழுதைகளோடு நிற்கிறவரைக் கண்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு, மற்றக் கையால் அவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். "அங்கிள்தான் என்னைக் கொண்டுவந்து விடுறார் அன்ரி," என்பாள், அவருக்கு வெட்கம் வராமல் இருக்க. அவளுடைய குரலுக்கு மட்டும் அவர் நிற்பார். நான் கூப்பிட்டால் நிற்கமாட்டார்.

ஒருநாள் கேற்றடியில் நான் வழிமறித்தபோது தள்ளிவிட்டார். என் மணிக்கட்டு முறிந்தது. கிணற்றடியில் சறுக்கி விழுந்தேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். றெனால்ட் போனில், "நீங்கள் இல்லாட்டி அப்பா இல்லை அம்மா," என்றான். அது ஒரு பாராட்டு. பாராட்டிவிட்டுப் போனை வைத்தான்.

பிறகு வீடே அவருக்கு மண்டபம் முகாமாகிவிட்டது. அங்கே கணக்கெடுப்பு நாளில் கையெழுத்து வைக்காமல் வெளியே போக முடியாது. கேற்றுக்கு முன்னால் வந்து, என்னைப் பார்த்து, மரியாதையாகக் கேட்பார்.

"அம்மா, நான் கையெழுத்து வைச்சிட்டன். கேற்றைத் திறந்து விடுங்கோ. என்ர மனுசி தனியப் பாத்துக்கொண்டிருப்பா."

"நான்தானப்பா உங்கட மனுசி. றஞ்சினி."

அவர் என் முகத்தை ஆறுதலாகப் பார்த்தார். என்னைப் புண்படுத்தக்கூடாது என்று யோசிப்பவர்போல இருந்தது.

"இல்லையம்மா. அவ இப்பிடிக் கோவமா இருக்கமாட்டா," என்றார்.

அன்று நான் கண்ணாடி பார்த்தேன், மிஸ். அவர் சொன்னது சரிதான். அவருடைய மனைவி சிரிப்பவள். பற்றறிக்கு மேல் இருந்து சிரிப்பவள். அவளைப் பற்றி அவர் எனக்கே சொல்லத் தொடங்கினார். அவளுடைய கறி, அவளுடைய தலைமயிர், மழையில் முகாம் கொட்டில் ஒழுகியபோது அவள் பாடிய பாட்டு. நான் அவருக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு, நனைந்த பாயை மடித்துக்கொண்டு, அவளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அவளிடம் போகத்தான் அவர் ஒவ்வொரு நாளும் என்னைக் கெஞ்சினார்.

இதற்கிடையில் பற்றறியைப் பற்றி நினைத்தேன். பாவிக்காமல் கிடந்தால் பற்றறி செத்துப்போகும். அவர் அத்தனை பாடுபட்டுச் செய்த கார், அப்படி விடுவது சரியில்லை என்று பட்டது. அவ்வளவுதான். இன்சாபுக்குப் போன் எடுத்தேன். அவன் வந்து பற்றறியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட்டு, அடுத்த நாள் மத்தியானம் கொண்டுவந்து பூட்டினான். சரியா என்று பார்க்க ஒருமுறை காரைக் கிளப்பினான். அந்தச் சத்தத்துக்குப் பீற்றர் உள்ளேயிருந்து ஓடி வந்து கை தட்டினார். இன்சாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தினான். பிறகு குமிழை இடப்பக்கம் திருகினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"கழட்டித்தான் விட்டிருக்கிறன் அன்ரி. வேணுமெண்டா நீங்களும் ஒருக்காப் பாருங்கோ."

நான் குனிந்து பார்த்தேன். கழன்றுதான் இருந்தது. தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலை பீற்றரைக் குளிக்கவார்த்து, நீலச் சட்டை போட்டு, சீப்பால் தலை இழுத்துவிட்டேன். நல்ல வடிவாக இருந்தார். கேற்றடிக்கு வந்து வழக்கம்போலக் கேட்டார், என்ர மனுசியிட்ட என்னை விடுங்கோ என்று. அந்த நேரம்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அதற்கு முதல் அப்படி ஒன்று என் மனதில் இருந்ததில்லை. ஒரு மனிதன் இவ்வளவு கெஞ்சும்போது எத்தனை நாளைக்குத்தான் இல்லை என்பது? நான் போய் இருக்கையைத் தூக்கினேன். மூடியின் கொளுக்கிகளை எடுத்துவிட்டுக் குமிழை வலப்பக்கம் திருகினேன். எந்தப் பாரமும் இல்லை, இன்சாப் அவ்வளவு இலகுவாகச் செய்து வைத்திருந்தான். மூடியை மூடி, இருக்கையைப் பதித்து, சரியான திறப்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "புண்ணியமாப் போகும் அம்மா," என்றார்.

நான் கேற்றைத் திறந்தேன். கார் அழகாக வெளியே போய்த் திரும்பியது. அவர் பாலம் தாண்டி நானாட்டான் பக்கம் போவார் என்று நினைத்தேன். அல்லது இன்னும் உள்ளே, பெரியமடுப் பக்கம், காரையும் அவரையும் தெரியாத சனத்திடம். சத்தம் கேட்காமல் போனதும் கேற்றைப் பூட்டிவிட்டு வந்து புட்டைச் சாப்பிட்டேன். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சூடாகச் சாப்பிட்டேன்.

அவர் பாலம் வரைக்கும் போகவில்லை. சந்தியைக்கூடத் தாண்டவில்லை.

டிலோஜினி பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாள். கார் வருவதையும் உள்ளே அவர் தனியாக இருப்பதையும் கண்டிருக்கிறாள். சைக்கிளை ஓரத்தில் போட்டுவிட்டு நடுத்தெருவில் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கினாளாம். "அங்கிள், நான் டிலோ. நிப்பாட்டுங்கோ," என்று சொன்னதைக் கடையடியில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். தன் குரலுக்கு நிற்பார் என்று அவளுக்கு நம்பிக்கை. கார் நிற்கவில்லை. அவளை அடித்து, அப்பால் இருந்த பனையில் மோதித்தான் நின்றது. அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். பீற்றர் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்.

அவள் ஒதுங்கி நின்றிருக்கலாம். இதை நான் வேறு யாருக்கும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லுங்கோ என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

இரண்டு அடக்கமும் ஒரே பின்னேரம், ஒரே சேமக்காலையில் நடந்தன. டிலோஜினியின் தாய் தன் பிள்ளையின் குழியடியிலிருந்து எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "உங்கட மனுசன்ர பிழை இல்லை அக்கா," என்றாள். நான் ஓம் என்றேன்.

அதற்கு முதலே, ஆஸ்பத்திரியில் வைத்து, உங்களுடைய ஆட்கள் கேட்டார்கள், கழற்றி வைத்திருந்த பற்றறி எப்படி வேலை செய்தது என்று. நேற்று இன்சாப் வந்து பற்றறி பூட்டினவர் என்று சொன்னேன். அது உண்மைதானே. அதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மிச்சத்தை அவர்களே யோசித்துக்கொண்டார்கள். கழற்றிவிட்டுத்தான் போனேன், அன்ரியும் பார்த்தவ என்று இன்சாப் சொன்னானாம். என்னைக் கேட்டபோது, எனக்கு ஞாபகமில்லை என்றேன். கணவனைப் பறிகொடுத்த கிழவியை அதற்கு மேல் யார் கேட்பார்கள்? மரண விசாரணையில் விபத்து என்று முடிந்தது. கவனயீனம் என்று ஊர் முடித்தது. எங்கள் ஆட்கள் அவனுடைய கராச்சுக்கு வாகனம் கொண்டுபோவதை நிறுத்தினார்கள். டிலோஜினியின் தமையன் ஒருநாள் போய் அங்கே கண்ணாடிகளை உடைத்தானாம். இன்சாப் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினானாம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து என் வீட்டு முற்றத்தில் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்சாப் வந்தான். மெலிந்துபோயிருந்தான். எல்லோருக்கும் முன்னால் நிலத்தில் இருந்தான்.

"நான் கழட்டினதெண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன் அன்ரி. கண்ணுக்குள்ள நிக்குது, இடப்பக்கம் திருகினது. ஆனா நீங்கள் பொய் சொல்லமாட்டியள். அப்ப நான்தான் மறந்திருக்கிறன். ரெண்டு உசிர். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எங்கள் பங்குச் சுவாமி நின்றார். டிலோஜினியின் தாய் நின்றாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழும்பிப் போய் அவன் தலையில் கை வைத்தேன்.

"மன்னிச்சிட்டன் தம்பி," என்றேன்.

அவன் என் காலைப் பிடித்து அழுதான். அடுத்த ஞாயிறு சுவாமி பிரசங்கத்தில் அதைச் சொன்னார். மன்னிப்பது எப்படி என்று எங்கள் றஞ்சினி அம்மாவிடம் படியுங்கள் என்றார். பூசை முடிந்து பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த நேரத்தில் நான் உண்மையாகவே அவனை மன்னித்துவிட்டதாகத்தான் உணர்ந்தேன்.

போன கிழமை அவனுடைய மனைவி நசீறா வந்தாள். கராச்சை மூடிவிட்டானாம். அடுப்பு அணைத்ததா என்று பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறானாம். அசர் தொழுதேனா என்று அவளிடம் கேட்கிறானாம், தொழுத பாயைச் சுருட்டிக்கொண்டே. தன்னை நம்பமுடியாது என்று பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றுவதில்லையாம். அவள் என் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கேட்டாள்.

"அங்கிளுக்கு எப்பிடி அன்ரி தொடங்கினது? இப்பிடித்தானா? உங்களுக்குத்தானே தெரியும். உங்களிட்டக் கேட்டா ஒரு வழி சொல்லுவியளெண்டு வந்தனான்."

அவளுக்குச் சின்ன வயது. முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஓம், இப்படித்தான் தொடங்கும் என்றேன். கோபப்படாமல் பேசும்படி சொன்னேன். மோட்டார் சைக்கிள் திறப்பை அவன் காணாத இடத்தில் வைக்கச் சொன்னேன். எல்லாம் நல்ல புத்திதான், என் அனுபவத்தில் கண்டது. அவள் என் கையைக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவ எடுத்தேன். கழுவாமல் அப்படியே வைத்துவிட்டேன். இன்சாப் முற்றத்தில் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது, கண்ணுக்குள்ள நிக்குது என்று. எனக்கும் நிற்கிறது. அவனுடைய பெருவிரல் குமிழில் பட்டு இடப்பக்கம் திரும்பியது. ஒரு நோயும் இல்லாத பிள்ளையின் தலைக்குள் நான் ஒரு நோயை வைத்துவிட்டேன். அதை நானே வந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் வந்தேன். முதலில் இதைப் பெரிதாக எழுதுங்கள்: இன்சாப் மறக்கவில்லை. அவன் கழற்றிவிட்டுத்தான் போனான். பூட்டியது நான்.

டிலோஜினியின் தாய்க்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் அந்த வீட்டுக்குப் போக ஏலாது.

ஆனால் பீற்றரைக் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். போக வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் விட்டேன். அவர் மேல் இருந்த இரக்கத்தில், அந்தக் காலையில், அந்த ஒரு நிமிடத்தில் செய்தது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நீங்கள் கடைசியாக ஒன்று கேட்டீர்கள். காணாமல் போனால் யாராவது கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று, கிளினிக்கில் சொன்னபடி அவருடைய எல்லாச் சட்டைப் பைகளிலும் பெயரும் என் போன் இலக்கமும் எழுதிய துணித்துண்டு தைத்திருந்ததே, அந்த நீலச் சட்டையில் மட்டும் ஏன் தையல் பிரிந்திருந்தது என்று. அது பெரிய விஷயமில்லை, மிஸ். தோய்த்துத் தோய்த்து எழுத்து மங்கிப்போயிருந்தது. புதிதாக எழுதித் தைக்கலாம் என்று அதற்கு முதல் நாள் பின்னேரம், இன்சாப் போனபிறகு, நான்தான் பிரித்து எடுத்தேன்.